இரவல் ஆட்டக்காரர்கள்: முகமதன் ஸ்போர்ட்டிங் சங்கத்தின் வரலாறும் நம் தெரு மன்றத்தின் நோட்டும்



யார் நினைவாக இன்று கீரப்பாளையத்தில் கூடியிருக்கிறோமோ, அந்த ஐயாவை உங்களில் பலர் மனு எழுதிக் கொடுப்பவராக அறிந்திருப்பீர்கள். போராட்டக் கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பவராகவும் பார்த்திருப்பீர்கள். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அவர் விளையாட்டு மன்றத்தின் கணக்கு நோட்டை வைத்திருந்தவர். சந்தா, பந்து வாங்கிய விலை, காற்றடிக்கும் பம்பு இரவல் கொடுத்த நாள், திருப்பி வாங்கிய நாள் என்று எல்லாம் அந்த நோட்டில் இருக்கும். படிப்பு அதிகம் இல்லாதவர். ஆனால் எழுதாமல் எதையும் விடமாட்டார்.

அந்த நோட்டில் ஒரு பக்கத்தைப் பற்றி மட்டும் முதலில் சொல்லிவிடுகிறோம். ஒரு பொங்கலுக்கு ஊர் அணிக்கு ஆள் குறைந்தது. எங்கள் தெருவிலிருந்து இரண்டு பேரைக் கேட்டார்கள், அனுப்பினோம். அணி ஜெயித்தது. ஜெயித்த கோப்பையை ஊர்த் தெருவில் மேளத்தோடு எடுத்துப் போனார்கள். எங்கள் பிள்ளைகள் இருவரும் ரோட்டு முனையிலிருந்தே திரும்பி வந்தார்கள். கோப்பையோடு எடுத்த போட்டோவில் ஒன்பது பேர்தான் இருந்தார்கள். அன்றைக்கு ஐயா நோட்டில் எழுதியது ஒரே வரி: இரண்டு பேர் இரவல்.

பம்புக்குப் போட்ட அதே சொல். அவர் அதைக் கிண்டலாக எழுதினாரா, கணக்காக எழுதினாரா என்று நாங்கள் கேட்டதில்லை. இந்தச் சொற்பொழிவைத் தயாரிக்க உட்கார்ந்தபோது அந்தச் சொல்தான் எங்களைக் கல்கத்தா வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது.

கல்கத்தா எதற்கு, நம் பக்கம் கபடியும் கைப்பந்தும் கிரிக்கெட்டும்தானே என்று மாணவர்கள் கேட்கலாம். இந்தியாவில் ஒதுக்கப்பட்ட ஒரு சமூகம் தனக்கென்று ஒரு விளையாட்டுச் சங்கம் வைத்து, நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதைக் கைவிடாமல் நடத்திவரும் வரலாறு அங்கே இருக்கிறது. முகமதன் ஸ்போர்ட்டிங் என்பது அதன் பெயர். அதன் வெற்றியிலும் தப்பிலும் நமக்குப் பாடம் இருக்கிறது. இரண்டையும் பேசுவோம்.

முதலில் 1911-க்குப் போவோம். அந்த ஆண்டு ஜூலை 29-ஆம் தேதி, 1889-ல் தொடங்கப்பட்ட மோகன் பகான் சங்கம், கிழக்கு யார்க்‌ஷயர் ரெஜிமென்ட் என்ற வெள்ளைப் பட்டாள அணியை 2-1 என்று தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்றது. ஓர் இந்திய அணி அதை வென்றது அதுவே முதல் தடவை. பதினோரு பேரில் சுதிர் சட்டர்ஜி என்ற கிறித்தவர் ஒருவர்தான் பூட்ஸ் போட்டிருந்தார். மற்ற பத்துப் பேரும் வெறுங்கால். இது தேசிய இயக்கத்தின் பெருமைக் கதைகளில் ஒன்று. பெருமைதான், அதை நாம் குறைக்க வேண்டியதில்லை.

ஆனால் அதே 1911 கோடையில் இங்கிலாந்தில் இன்னொருவர் விளையாடிக்கொண்டிருந்தார். பல்வங்கர் பாலு. சமார் சாதியில் பிறந்தவர். பூனாவில் வெள்ளைக்காரர்களின் சங்கத்தில் மைதானத்தைப் பெருக்கி, உருளை இழுத்து, வலை கட்டிக் கொடுக்கும் வேலையில் இருந்தவர். அங்கே வெள்ளைக்கார மட்டையாளர்களுக்கு மணிக்கணக்கில் பந்து போட்டுப் போட்டே நாட்டின் சிறந்த சுழற்பந்து வீச்சாளர்களில் ஒருவர் ஆனார். 1911-ல் இங்கிலாந்து போன இந்திய அணிக்காக நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். இவ்வளவு திறமையுள்ளவரைப் பூனாவின் இந்துக்கள் எப்படி வைத்திருந்தார்கள்? வெள்ளைக்காரரை ஜெயிக்க வேண்டும் என்பதற்காக அணியில் சேர்த்துக்கொண்டார்கள். தேநீர் இடைவேளையில் மற்றவர்கள் உள்ளே உட்கார்ந்து பீங்கான் கோப்பையில் குடிக்க, இவருக்கு வெளியே, மண் குவளையில். அணித் தலைவர் பதவி அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. தம்பி விட்டலுக்கு 1923-ல் கிடைத்தது, அதுவும் சகோதரர்கள் வெளிப்படையாகச் சண்டை போட்ட பிறகு.

பந்து போடும் கை வேண்டும், குவளை பிடிக்கும் கை வேண்டாம். ஐயாவின் நோட்டுப்படி பாலுவும் இரவல்தான்.

இந்த இடத்தில் சங்கம் என்றால் என்ன என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். பதினோரு பேர் சேர்ந்தால் அணி. சங்கம் அப்படியல்ல. அதற்கு உறுப்பினர் பட்டியல் வேண்டும், சந்தா வேண்டும், செயலாளர் வேண்டும், கடிதம் போட ஒரு முகவரி வேண்டும், மழை பெய்தால் ஒதுங்க ஓர் இடம் வேண்டும். கல்கத்தாவில் அந்த இடத்தைக் கூடாரம் என்கிறார்கள். ஊர் நடுவில் உள்ள அந்தப் பெரிய மைதானம் வில்லியம் கோட்டைப் பட்டாளத்தின் சொத்து. இன்றும் ராணுவத்தின் வசம்தான் இருக்கிறது. அதில் நிரந்தரக் கட்டடம் எழுப்பக் கூடாது என்பது விதி. அதனால் பெரிய பெரிய சங்கங்களுக்குக்கூட அங்கே இருப்பது கூடாரம்தான். நூறு வருடப் பழமையான சங்கத்தின் அலுவலகத்தைக்கூட இன்னும் டென்ட் என்றே சொல்கிறார்கள். நமக்கு இது புதிதா என்ன? பட்டா இல்லாத இடத்தில் கீற்றுக் கொட்டகை போட்டு, மேலே பெயர்ப்பலகை மாட்டி, மன்றம் என்று அழைத்தவர்கள்தானே நாம். வித்தியாசம் ஒன்றுதான். அவர்கள் கொட்டகையை யாரும் இரவில் கொளுத்தவில்லை.

அந்த மைதானத்தில் முஸ்லிம்களுக்கு ஓர் இடம் வேண்டும் என்ற முயற்சி 1887-ல் ஜூபிலி கிளப் என்ற பெயரில் தொடங்கியது. பெயர்கள் மாறி 1891-ல் முகமதன் ஸ்போர்ட்டிங் என்று நிலைத்தது. அப்போதைய கல்கத்தாவில் படிப்பு, உத்தியோகம், நிலம், பத்திரிகை எல்லாம் மேல்சாதி இந்துக்களின் கையில். அவர்களுக்கு மேலே வெள்ளைக்காரர்கள். கல்கத்தா லீக் 1898-ல் தொடங்கியபோது அதில் இந்தியச் சங்கம் எதற்கும் இடமில்லை. பிறகு கதவைக் கொஞ்சம் திறந்தார்கள். முதல் பிரிவில் இந்தியச் சங்கங்கள் இரண்டுக்கு மேல் கூடாது என்று ஒரு வரம்பும் வைத்தார்கள். மோகன் பகான் முதல் பிரிவுக்கு வந்தது 1915-ல். ஈஸ்ட் பெங்கால் வந்தது 1925-ல், அந்த வரம்பு உடைந்த பிறகு. முகமதன் ஸ்போர்ட்டிங் இரண்டாம் பிரிவுக்கு வந்ததே 1927-ல்தான். முதல் பிரிவை எட்டியது 1934-ல்.

1891-லிருந்து 1934 வரை எண்ணிப் பாருங்கள், நாற்பத்து மூன்று வருடம். அதில் பெரும்பகுதி சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் நடக்கவில்லை. சின்னச் சின்னக் கோப்பைகள், நிறையத் தோல்விகள். ஆனால் சங்கம் கலையவில்லை. நம் தெருக்களில் மன்றங்கள் மூன்று வருடத்தில் கலைந்துபோவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்த நாற்பத்து மூன்று வருடம்தான் பெரிய செய்தி.

இனி பூட்ஸ் கதைக்கு வருகிறோம்.

கல்கத்தா லீக் நடப்பது மே மாதத்திலிருந்து. ஜூனில் மழை பிடித்துக்கொள்ளும். காய்ந்த தரையில் வெறுங்கால் ஆட்டக்காரர் மான்போல ஓடுவார். வெள்ளைப் பட்டாளத்தாரால் தொட முடியாது. சேறாகிவிட்டால் கதை தலைகீழ். பூட்ஸின் அடிக்கட்டை சேற்றில் பிடிக்கும், வெறுங்கால் வழுக்கும். பந்தும் நனைந்து கல்லாகக் கனக்கும். முதல் பாதியில் முன்னிலை வகித்த இந்திய அணிகள் மழைக்காலத்தில் புள்ளிகளை இழந்து வருடா வருடம் பின்தங்கியதற்கு இது முக்கியமான காரணம். 1931, 32, 33 மூன்று வருடமும் லீக்கை வென்றது டர்ஹம் காலாட்படை.

முகமதன் ஸ்போர்ட்டிங் நிர்வாகிகள் இதைப் புரிந்துகொண்டார்கள். ஈரத் தரையில் போட லேசான பூட்ஸ் வாங்கினார்கள்; ஆட்டக்காரர்களைப் பழக்கினார்கள். வங்காளத்தோடு நிற்காமல் வடமேற்கு எல்லைப்புறத்திலிருந்தும் நம் பெங்களூரிலிருந்தும் ஆள் கொண்டுவந்தார்கள். பெங்களூர் முஸ்லிம்ஸ் என்று ஒரு சங்கம் அப்போது பலமாக இருந்தது. 1937-ல் பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்ற முதல் இந்தியச் சங்கம் அதுதான். இப்படிக் கட்டிய அணி 1934-ல் முதல் பிரிவில் காலடி வைத்த முதல் வருடமே லீக்கை வென்றது. இந்தியச் சங்கம் ஒன்று கல்கத்தா லீக்கை வெல்வது அதுவே முதல் முறை. 1935, 36, 37, 38 என்று தொடர்ந்து ஐந்து வருடம் வென்றார்கள். 1936-ல் கேடயமும் சேர்ந்தது. 1940 டிசம்பரில் டெல்லியில் ராயல் வாரிக்‌ஷயர் ரெஜிமென்டை 2-1 என்று வென்று டூரண்ட் கோப்பையைத் தூக்கினார்கள். 1888-ல் தொடங்கிய அந்தக் கோப்பை இந்தியச் சங்கம் ஒன்றின் கைக்கு வந்தது அன்றுதான்.

பள்ளிப் பாடத்தில் 1911 இருக்கிறது. 1934 இருக்கிறதா என்று மாணவர்கள் வீட்டுக்குப் போய்ப் பாடப்புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள்.

வெறுங்காலைப் பற்றி நமக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்தியக் கால்பந்து வரலாறு எழுதுகிறவர்கள் வெறுங்காலைக் கொண்டாடுவார்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராக ஆடிய இந்திய அணியில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள், 1-2 என்றுதான் தோற்றார்கள், அந்த ஒரு கோலைப் போட்டவர் பெங்களூர் எஸ். ராமன் என்று நெகிழ்ந்து எழுதுவார்கள். 1952 ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்ற பிறகுதான் பூட்ஸ் கட்டாயமானது என்பதை ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். வெறுங்கால் அவர்களுக்கு ஒரு அழகு. நம் பாட்டன்களுக்கு அது ஒரு சட்டம். ஊர்த் தெரு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்த காலை யாரும் கொண்டாடி எழுதவில்லை. அதனால் முகமதன் ஸ்போர்ட்டிங் வெறுங்காலின் அழகை விட்டுவிட்டு மழைக்குப் பூட்ஸ் வாங்கியது என்று படித்தபோது எங்களுக்கு அது ஆட்டத் தந்திரமாக மட்டும் தெரியவில்லை.

அவர்களிலும் வெறுங்காலோடு புகழ்பெற்றவர் இருந்தார். முகமது சலீம், 1936-ல் ஸ்காட்லாந்து போய் செல்டிக் சங்கத்தின் அணிக்கு இரண்டு ஆட்டம் ஆடினார், காலில் வெறும் கட்டுத்துணி சுற்றிக்கொண்டு. செல்டிக் யார்? கிளாஸ்கோவுக்குப் பிழைக்க வந்த ஐரிஷ் கத்தோலிக்க ஏழைகளின் பசிக்கு நிதி திரட்ட ஒரு துறவற சகோதரர் 1887-ல் தொடங்கிய சங்கம். அங்கேயே இருக்கச் சொன்னார்கள். சலீம் வீட்டு நினைப்பில் திரும்பி வந்துவிட்டார். எங்களுக்குப் பிடித்த மனிதர் அவர்.

இப்போது தப்புகளைப் பேசுவோம். சங்கத்தை நடத்தியவர்கள் நவாபுகளும் கான் பகதூர்களும். காலரியில் நின்று தொண்டை கிழியக் கத்தியவர்கள் துறைமுகக் கூலிகள், தையற்காரர்கள், கப்பல் லஸ்கர்கள். வங்காளத்தின் பெரும்பான்மை முஸ்லிம் குடியானவர்களின் பிள்ளைகள் அணியில் குறைவு. ஒதுக்கப்பட்ட சமூகத்துக்கு உள்ளேயும் மேல் தட்டு, கீழ்த் தட்டு உண்டு என்பதை நாம் பிறருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நம் மன்றங்களிலேயே பார்க்கிறோம். அடுத்தது, வெற்றி வந்தபோது அரசியல் வந்தது. மேல்சாதிப் பத்திரிகைகள் இதை மதச் சங்கம் என்றன. மோகன் பகான் தேசியச் சங்கம் என்றன. மோகன் பகானைக் கட்டியவர்கள் எந்தச் சாதி என்று அந்தப் பத்திரிகைகள் கேட்டதில்லை. அதே நேரம், முகமதன் ஸ்போர்ட்டிங் வெற்றியை முஸ்லிம் லீக் தன் மேடைக்குப் பயன்படுத்திக்கொண்டதையும் மறைக்க முடியாது. 1946 ஆகஸ்ட் 16-ஆம் தேதி நேரடி நடவடிக்கை நாள் கூட்டம் நடந்தது அதே மைதானத்தில்தான். அதைத் தொடர்ந்து கல்கத்தாத் தெருக்களில் செத்தவர்கள் பெரும்பாலும் ஏழைகள், இரண்டு பக்கமும்.

பிரிவினையில் ரசிகர்கள் போனார்கள், ஆட்டக்காரர்கள் போனார்கள், பணம் போனது. சங்கம் கலையவில்லை. 1948-ல் லீக்கை வென்றார்கள், பிறகு 1957, 1967, 1981. 1960-ல் டாக்காவில் ஆகா கான் கோப்பையை வென்றார்கள். 1981-க்குப் பிறகு நாற்பது வருடம் லீக் கைக்கு வரவில்லை. 2021-ல் வந்தது, தொடர்ந்து மூன்று வருடம் வந்தது. 2023-24 பருவத்தில் ஐ-லீக்கை வென்று நாட்டின் முதல் தரப் போட்டிக்கு ஏறினார்கள்.

ஈஸ்ட் பெங்காலைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1920-ல் ஜோராபகான் சங்கம் மோகன் பகானுக்கு எதிரான ஆட்டத்தில் கிழக்கு வங்காளத்து ஆட்டக்காரர் சைலேஷ் போஸை ஒதுக்கியது. கோபித்துக்கொண்டு வெளியேறியவர்கள் ஆகஸ்ட் 1-ல் தொடங்கியது அது. பிரிவினைக்குப் பின் அகதிகளின் சங்கம் என்று பெயர் பெற்றது. ஆனால் அகதி என்ற சொல்லுக்குள்ளும் சாதி உண்டு. முதலில் வந்து கல்கத்தாவைச் சுற்றிக் குடியிருப்புகளைப் பிடித்தவர்கள் பெரும்பாலும் மேல்சாதியினர். பின்னால் வந்த நாமசூத்திரர்களை முகாம்களுக்கும் தண்டகாரண்யக் காட்டுக்கும் அனுப்பினார்கள். 1946-ல் அம்பேத்கரை அரசியல் நிர்ணய சபைக்கு அனுப்பி வைத்த வங்காளத்தின் மக்கள் அவர்கள். அங்கிருந்து திரும்பி மரிச்ஜாப்பித் தீவில் குடியேறியவர்களை 1979-ல் என்ன செய்தார்கள் என்பதை இந்த அரங்கில் முன்பே பேசியிருக்கிறோம். அகதிகளின் கொடி பறக்கும் காலரியில் அவர்களுக்கு எத்தனை இடம் இருந்தது என்பது ஆராய்ச்சி மாணவர் யாராவது எடுத்துக்கொள்ள வேண்டிய கேள்வி.

தமிழர்களுக்கும் இந்தச் சங்கங்களுக்கும் உறவு உண்டு. மதராஸ் ரெஜிமென்ட் அணியில் பந்து பிடித்து, 1956, 1960 ஒலிம்பிக்குகளில் ஆடிய கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் கல்கத்தாவில் மூன்று பெரிய சங்கங்களுக்கும் ஆடினார். முகமதன் ஸ்போர்ட்டிங்கும் அதில் ஒன்று. 2023 ஆகஸ்ட் 12-ஆம் தேதி டூரண்ட் கோப்பையில் மோகன் பகானை ஈஸ்ட் பெங்கால் 1-0 என்று வென்றது. நான்கு வருடத்துக்கும் மேலாக வராத வெற்றி. அந்த கோலைப் போட்டவர் நந்தகுமார் சேகர், வடசென்னை வியாசர்பாடியில் பந்து உதைத்து வளர்ந்தவர். மறுநாள் கல்கத்தாவே அவர் பெயரைச் சொன்னது. வியாசர்பாடியில் பிள்ளைகளைச் சேர்த்துப் பயிற்சியும் படிப்பும் கொடுக்கும் அமைப்பை அந்தப் பகுதிக்காரர்களே நடத்துகிறார்கள் என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் அந்தச் செய்தி முழுமையாகும்.

நம் பக்கத்துக்கு வருவோம். இதே சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-ல் நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கினார். கோயிலுக்குள் நுழைவதற்கு நந்தனார் பட்ட பாட்டைக் கதையாகக் கேட்டு அழுதவர்கள் பலர். அந்தப் பெயரில் நிலம் வாங்கி, கட்டடம் கட்டி, வருகைப் பதிவேடு வைத்தவர் அவர். நம் ஐயா அந்தப் பள்ளியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பதிவேட்டைத்தான் முதலில் சொல்வார்.

விளையாட்டுக்கு அப்படி ஒன்றை நாம் வைத்துக்கொள்ளவில்லை. இடமும் இல்லை. இங்கே சம்பா அறுப்புக்கு முன்பே தாளடியில் உளுந்து தெளித்துவிடுகிறார்கள். தையிலும் வயல் காலியாகக் கிடைப்பதில்லை. ஐப்பசி கார்த்திகையில் தாழ்ந்த இடமெல்லாம் தண்ணீர். மிஞ்சுவது புறம்போக்குத் திடல். அதிலும் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் திடலில் நம் பிள்ளைகள் ஆடப்போனால் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் தெருவுக்கு ஒட்டிய திடலை விளையாட்டிடமாகப் பதிவு செய்து தரச் சொல்லி ஐயா எழுதிய மனுக்களின் நகல்கள் நோட்டின் பின்பக்கம் ஒட்டியிருக்கின்றன. பதினொன்று இருக்கின்றன. பதில் வந்தவை இரண்டு. இரண்டிலும் பரிசீலனையில் உள்ளது என்று இருக்கிறது.

போன மாதம் அந்த நோட்டை அவர் வீட்டில் வாங்கி வந்தோம். பக்கங்கள் ஓரத்தில் கரையான் அரித்திருக்கின்றன. மன்றத்தின் பெயர், தொடங்கிய நாள், முதல் உறுப்பினர்கள் பட்டியல் எல்லாம் படிக்கும்படி இருக்கின்றன. சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் மன்றத்தைப் பதிவு செய்யும் விண்ணப்பத்தோடு அந்தப் பக்கங்களின் நகலையும், பன்னிரண்டாவது மனுவையும் வைக்கப்போகிறோம். நோட்டு அந்த மேசையில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் பாருங்கள். உங்கள் தெரு மன்றங்களிலும் இப்படி நோட்டுகள் இருந்தால் கொண்டுவாருங்கள், நகல் எடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறோம். வாங்கிய நாளையும் திருப்பிக் கொடுத்த நாளையும் எழுதி வைப்போம்.